நாலு பல்லு போடட்டும்

“தம்பி, குதிரைக்கு எக்ஸ்ரே எடுக்க எவ்ளோ ஆவும்?”

தை மாசம், மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். காலைக் கூட்டம் வடிந்து, நான் சோற்று டப்பாவைத் திறக்கப் போன நேரம். கேட்டவர் கொணவட்டத்துப் பாய். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர். வெளியே பெஞ்சில் காத்திருந்த மேற்கு வங்கக் குடும்பத்துக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர் குனிந்து இரண்டு கையையும் முன்னங்காலாக ஊன்றிக் காட்டிக் கேட்ட விதத்தில் அவர்களுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. சிரித்தார்கள்.

வேலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் 22 வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறவன் நான். இந்த ஊரில் அது ஒன்றும் பெரிய விசேஷமில்லை. தெருவுக்குத் தெரு எங்களைப் போல் ஒருத்தர் இருப்பார். குதிரை எங்கள் மேஜையில் ஏறாது பாய் என்றேன். “மேஜை எதுக்கு, அது நின்னுகினே எடுத்துக்கும்” என்றார்.

விஷயம் இதுதான். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போய் ஒரு வயசுக் குட்டி ஒன்று வாங்கி வந்திருக்கிறார். சிவப்பு, நெற்றியில் வெள்ளை. நல்ல காசு கொடுத்து வாங்கியதால் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறார். எப்படி? வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு, மூன்று முழக் கயிற்றில் கட்டி, கீழே வைக்கோல் பரப்பி, வேளைக்குத் தீனி. ஆறு மாசமாக வெளியே விடவில்லை. “எலும்பு இன்னும் பிஞ்சு. ஆட வுட்டா எங்கனா கால ஒட்ச்சிக்கும். முத்தட்டும்னு கட்டியே வெச்சிகிறேன். இப்ப பாத்தா முட்டிக்கு மேல ஒரு மேடு மாதிரி கீது. வீக்கமா, எலும்பா, இன்னான்னு தெர்ல.”

கால்நடை டாக்டர் ஒருவரின் நம்பரைக் கொடுத்து அனுப்பினேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் “எலும்பு முத்தட்டும்” என்ற வார்த்தை சாயந்திரம்வரை தலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அது எங்கள் தாத்தா வாயிலிருந்து வந்த வார்த்தை மாதிரியே இருந்தது, ஆனால் பாதிதான் இருந்தது.

தாத்தா காட்பாடி ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டியவர். வீடு விருதம்பட்டில். ரயிலை விட்டு இறங்குகிற நோயாளிகளையும் அவர்கள் மூட்டை முடிச்சையும் ஏற்றிக்கொண்டு பாலாற்றுப் பாலம் தாண்டி வேலூருக்குள் கொண்டுபோய் விடுவதுதான் அவர் பிழைப்பு. வட ஆற்காட்டுக்குக் குதிரை புதிதில்லை. 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது, ஆற்காட்டில் இருந்த வெள்ளைக்காரக் குதிரைப்படைதான் அன்று காலையிலேயே வந்து அடக்கியது. ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் முன்னங்காலைத் தூக்கி நிற்கிற குதிரைத் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். தாத்தா அங்கே போனால் சாமியைவிட அந்தக் கால்களைத்தான் அதிக நேரம் பார்ப்பார். ஒருநாளும் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. கல்தச்சனுக்குக் குதிரை வாங்கத் தெரியாது என்பது அவர் கட்சி.

அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று. “நாலு பல்லு போடட்டும்டா.” குட்டியின் பால்பல் விழுந்து, கீழ்த்தாடை முன்வரிசையில் நாலு நிலைப்பல் முளைக்கும்வரை அதன் மேல் ஏர்க்கால் படக் கூடாது. குதிரைக்கு முதல் ஜோடி நிலைப்பல் ஏறக்குறைய இரண்டரை வயதில் வரும். இரண்டாவது ஜோடி மூன்றரையில். கடைசி ஜோடி நாலரையில். ஆக அவர் கணக்குப்படி மூன்றரை வயது. ஆனால் அந்த வாக்கியத்துக்கு இரண்டாவது பாதி ஒன்று உண்டு: “அதுவரிக்கும் அது ஓடட்டும்.” தினமும் விடியற்காலையில் குட்டியை அவிழ்த்துக்கொண்டு பாலாற்றுக்குப் போவார். எங்கள் வேலை அதைத் துரத்துவது. அது எங்களைத் துரத்துவதும் உண்டு.

பாய்க்கு முதல் பாதி மட்டும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

சரி, எலும்புக்கு வருவோம். பெற்றோர் பிள்ளையைக் கூட்டிவந்து, வளர்ச்சி பார்க்க வேண்டும் என்று சீட்டு நீட்டினால் நான் எடுப்பது இடது கை மணிக்கட்டு. முன்கை எலும்பின் முனையில், மூட்டுக்குச் சற்று மேலே, கறுப்புக் கோடு ஒன்று குறுக்கே ஓடும். எலும்பு அங்கே அறுந்திருக்கிற மாதிரி தெரியும். “ஐயோ, முறிஞ்சிருக்கா?” என்று பதறாத அம்மாவை நான் பார்த்ததில்லை. முறிவு இல்லை. அது வளர்ச்சித் தட்டு. குருத்தெலும்பு என்பதால் எக்ஸ்ரேயில் வெள்ளையாக விழாது. எலும்பு நீளமாவது அந்த இடத்தில்தான். வளர்ந்து முடிந்ததும் தட்டு மூடி, கோடு மறைந்துவிடும்.

இப்போது குதிரையின் முன்னங்காலைப் பாருங்கள். நாம் முட்டி என்று சொல்கிற இடம் முட்டியே இல்லை. அது அதன் மணிக்கட்டு. முட்டிக்குக் கீழே நேராக இறங்குகிற நீள எலும்பு, நம் உள்ளங்கைக்குள் நடுவிரலுக்குப் போகிற எலும்பு. குளம்பு, நடுவிரல் நகம். குதிரை என்பது நாலு நடுவிரல்களில் ஓடுகிற பிராணி. பந்தயக் குதிரை வளர்க்கிறவர்கள், குட்டி பயிற்சிக்குத் தயாரா என்று பார்க்க எக்ஸ்ரே எடுப்பதும் அந்த ‘முட்டி’யைத்தான். நான் பிள்ளைகளுக்குப் பார்க்கிற அதே எலும்பு, அதே முனை, அதே கோடு. குதிரைக்கு அந்தத் தட்டு சுமார் இரண்டு, இரண்டரை வயதில் மூடுகிறது. முதுகெலும்புத் தட்டுகள் இன்னும் தாமதம். ஐந்து வயது தாண்டியும் போகும். தாத்தாவின் நாலு பல்லு இந்தக் கணக்கில் ஒரு வருஷம் கூடுதலாகவே விட்டிருக்கிறது. பல்லைப் பார்த்துக் காலுக்குத் தேதி குறித்திருக்கிறார். எந்த மெஷினும் இல்லாமல்.

பாயின் குட்டிக்கும் அதுதான். மூன்று நாள் கழித்து டாக்டர் வந்து, கையில் தூக்கிப் போகிற சின்ன மெஷினில் படம் எடுத்தார். பாய் அதை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். கோடு பளிச்சென்று திறந்திருந்தது. தொட்டால் சூடு இல்லை, வலி இல்லை. அந்த மேடு வளர்கிற எலும்பின் முனைதான், பயப்பட ஒன்றுமில்லை என்றிருக்கிறார். கூடவே, ஏன் கட்டியே வைத்திருக்கிறீர்கள் என்று திட்டிவிட்டும் போயிருக்கிறார். எனக்கு அந்தத் திட்டுதான் சுவாரசியமாக இருந்தது. அன்றிரவு குதிரை எலும்பைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தவன், கிட்டத்தட்ட ஒரு மாசம் எழுந்திருக்கவில்லை.

முதலில் என்னைப் பிடித்து இழுத்தது ஓர் அலுமினியத் துண்டு. எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், எக்ஸ்ரேயில் எலும்பின் வெண்மையை நம்பக் கூடாது. கதிரை ஒரு பிடி கூட்டினால் கறுக்கும், குறைத்தால் வெளுக்கும். அப்படியானால் ஒரே குதிரையை இரண்டு மாசம் கழித்து மறுபடி எடுத்து, எலும்பு தேறியிருக்கிறதா என்று எப்படிச் சொல்வது? படிக்கட்டு மாதிரி வெட்டிய அலுமினியத் துண்டு ஒன்றைக் காலோடு சேர்த்துப் படத்தில் விழ வைக்கிறார்கள். கதிர் எப்படி இருந்தாலும் அலுமினியம் மாறாது. எலும்பின் வெண்மை எந்தப் படியோடு பொருந்துகிறது என்று பார்த்து, இந்த எலும்பு இத்தனை மில்லிமீட்டர் அலுமினியத்துக்குச் சமம் என்று எழுதிக்கொள்கிறார்கள். இதைப் படித்ததும் எனக்குச் சின்னப் பொறாமை வந்தது. இத்தனை வருஷத்தில் எனக்கு ஏன் தோன்றவில்லை?

இந்த முறையில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் பிரையன் நீல்சனும் அவர் கூட்டாளிகளும் 1997இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பந்தயப் பயிற்சிக்குள் நுழைகிற, குவார்ட்டர் என்ற அமெரிக்கக் குதிரை இனத்தின் 53 குட்டிகளைத் தொடர்ந்து படம் எடுத்தார்கள். பயிற்சி எடுக்க எடுக்க எலும்பு கெட்டியாகும் என்றுதானே நாம் நினைப்போம்? தலைகீழ். முதல் இரண்டு மாசம் எலும்பின் தாது இறங்கிக்கொண்டே போனது. 62ஆம் நாள் எடுத்த படத்தில் அடிமட்டம். 104ஆம் நாளிலும் அங்கேயே கிடந்தது. அதற்குப் பிறகுதான் ஏறியது.

ஏன் என்று பார்த்தால், அந்தக் குட்டிகள் அதுவரை திறந்த வெளியில் இஷ்டத்துக்கு ஓடித் திரிந்தவை. பயிற்சி என்று கொண்டுவந்து லாயத்தில் அடைத்து, நாளுக்குக் கொஞ்ச நேரம் மெல்ல நடத்தினார்கள். எலும்பு கணக்குப் போட்டது: இனி ஓட்டமில்லை, இவ்வளவு சுண்ணாம்பு எதற்கு? எலும்பைக் கரைக்கிற செல்கள் வேகமாக வேலை பார்ப்பவை, சில வாரத்தில் தோண்டி எடுத்துவிடும். திரும்பக் கட்டுகிற செல்களுக்கு மாசக் கணக்கு. வீட்டை இடிப்பதும் கட்டுவதும் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடுமை என்னவென்றால், கூரை பிரித்துக் கிடக்கிற அந்த இரண்டு மூன்று மாசக் கட்டத்தில்தான் பயிற்சியாளர்கள் வேகத்தைக் கூட்ட ஆரம்பிப்பார்கள்.

பிறகு நீல்சன் வேலைக்குப் போன மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இதையே பல விதமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். லாயத்தில் அடைத்த ஒரு வயசு அரபுக் குட்டிகளின் எலும்பு மெலிந்தது, மேய விட்டவற்றுக்கு மெலியவில்லை. நாளில் 12 மணி நேரம் வெளியே விட்டாலே போதும், முழு நாளும் மேய்ந்தவற்றுக்குச் சமமாக எலும்பு நின்றது. இன்னொன்றில், அடைத்து வைத்த குட்டிகளை வாரம் ஐந்து நாள், நாளுக்கு வெறும் 82 மீட்டர் ஓட விட்டார்கள். எட்டு வாரத்தில் எலும்பில் வித்தியாசம் தெரிந்தது. 82 மீட்டர் என்றால் எங்கள் தெருமுனை டீக்கடை தூரம். குதிரைக்கு அது ஆறேழு விநாடி.

இது எனக்குப் புதிதாக இருக்கக் கூடாது. ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டுப் பிரித்த கையை வாரத்தில் பத்தாவது எடுக்கிறேன். முறிந்த இடம் நன்றாகக் கூடியிருக்கும். ஆனால் அதைச் சுற்றி விரல் எலும்பெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி மங்கிக் கிடக்கும். கையை ஆட்டாமல் வைத்ததற்கு எலும்பு கொடுத்த விலை. 1892இல் யூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மன் டாக்டர் எழுதிவைத்த விதி இது: எலும்பு தன் மேல் விழுகிற பாரத்துக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும். படித்திருக்கிறேன், பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். ஆனாலும் பாய் “கட்டியே வெச்சிகிறேன்” என்று சொன்னபோது எனக்கு உடனே உறைக்கவில்லை.

மாடு விடுகிற ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்லப்போவது பிடிக்கும். எலும்பு எவ்வளவு பலம் என்று கடைசியாகத் தெரிந்துகொள்ள அதை முறித்துத்தான் பார்க்க வேண்டும். அதற்குக் குதிரைக்குட்டியைக் கொல்ல முடியாது என்பதால் ஹோல்ஸ்டீன் காளைக் கன்றுகளை எடுத்துக்கொண்டார்கள். அடைத்து வைத்த கன்றுகளில் சிலவற்றை வாரம் ஒரு தடவை, சிலவற்றை மூன்று தடவை, சிலவற்றை ஐந்து தடவை, ஒவ்வொரு தடவையும் 71 மீட்டர் மட்டும் விரட்டினார்கள். ஆறு வாரம். பிறகு கால் எலும்பை இரண்டு முனையிலும் தாங்கி நடுவில் அழுத்தி, எந்தப் பாரத்தில் முறிகிறது என்று அளந்தார்கள். வாரத்துக்கு ஒரே ஒரு ஓட்டம் ஓடிய கன்றின் எலும்பை முறிக்கவே, ஓடாத கன்றைவிட 20 விழுக்காட்டுக்கு மேல் கூடுதல் பாரம் வேண்டியிருந்தது. ஆறு வாரத்தில் ஆறு ஓட்டம்!

பொங்கல் தாண்டி நம் பக்கத்து ஊர்களில் காளை விடும் விழா நடக்கிறதே, அதில் காளை ஓடுவதும் இப்படித்தான். தெருவின் ஒரு முனையில் அவிழ்த்து விடுவார்கள், மறுமுனைக்கு யார் குறைந்த விநாடியில் வருகிறது என்பதுதான் போட்டி. காளைக்காரர்கள் கன்றுப் பருவத்திலிருந்தே கொஞ்ச தூரம் ஓட்டிப் பழக்குவார்கள். கேட்டால் “கால் வுய்ணும்ல” என்பார்கள். எலும்பு ஆராய்ச்சி என்று அவர்கள் அதற்குப் பெயர் வைக்கவில்லை.

அதற்காக, அடைத்தே வைத்துவிட்டுத் தினம் ஒருமுறை விரட்டினால் போதும் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஹாலந்தில் 43 குட்டிகளைப் பிறந்ததிலிருந்து ஐந்து மாசம் மூன்று விதமாக வளர்த்துப் பார்த்தார்கள்: அடைத்தே வைத்தவை, அடைத்து வைத்துக் குறுகிய ஓட்டம் கொடுத்தவை, மேய விட்டவை. மேய்ந்தவைதான் ஒட்டுமொத்தத்தில் நன்றாக இருந்தன. அடைத்து வைத்து ஓட்டியவற்றின் மூட்டுக் குருத்தெலும்பில் பின்னாளில் கவலைப்படும்படியான மாற்றங்கள் தெரிந்தன. அதேபோல், மெல்ல ஓடுகிற குதிரைக்கும் வேகமாக ஓடுகிற குதிரைக்கும் எலும்பில் பாரம் விழுகிற திசையே வேறு என்று காட்டியவர் பென்சில்வேனியாவின் டேவிட் நூனமேக்கர். மாசக்கணக்கில் மெது ஓட்டமாகவே பழக்கிய குட்டியைத் திடீரென்று வேகத்தில் விட்டால், முட்டிக்குக் கீழ் எலும்பின் முன்பக்கம் வீங்கி வலிக்கும். அந்த எலும்பு வேறொரு வேலைக்குத் தயாராகியிருந்தது, அவ்வளவுதான்.

தீனி பற்றிச் சொல்லாமல் விட்டால் தாத்தா ஆவி என்னை மன்னிக்காது. அவர் காலத்தில் பக்கத்து வீட்டில் இன்னொரு ஜட்காக்காரர் இருந்தார். ஒரு ரைஸ் மில்லில் அவருக்குப் பழக்கம். தவிடு சும்மா கிடைத்தது. அவர் குதிரைக்குத் தவிடு, தவிடு, தவிடுதான். ஒரு வருஷத்தில் அதன் முகம் மாற ஆரம்பித்தது. கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் எலும்பு உப்பி, மூஞ்சி பெட்டி மாதிரி ஆனது. மெல்லும்போது வாயிலிருந்து பாதி கொட்டும். ஒருநாள் இந்தக் கால் நொண்டும், மறுநாள் அந்தக் கால். திருஷ்டி என்றார்கள். சுளுக்கு என்றார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். கடைசியில் அதை எங்கே கொண்டுபோனார்கள் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. நான் ஆறாவது படித்தேன், எனக்கு அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

அதற்கு உலகம் முழுக்கப் பெயர் இருக்கிறது: தவிட்டு நோய், பெருந்தலை நோய், மில்காரர் நோய். மாவு மில் வைத்திருந்தவர்களின் குதிரைகளுக்குத்தான் அதிகம் வந்ததாம். தவிட்டில் பாஸ்பரஸ் ஏராளம், சுண்ணாம்புச் சத்து சொற்பம். குதிரைத் தீனியில் சுண்ணாம்பு குறைந்தபட்சம் பாஸ்பரஸுக்குச் சமமாவது இருக்க வேண்டும், இரண்டு மடங்கு இருந்தால் நல்லது. அரிசித் தவிட்டில் பாஸ்பரஸ் பத்து மடங்குக்கு மேல் தூக்கி நிற்கும். ரத்தத்தில் சுண்ணாம்பு குறைந்ததும் உடம்பு எலும்பில் கைவைக்கும். தாடை எலும்பிலிருந்துதான் முதலில் பிடுங்கும். பிடுங்கின இடத்தில் நார் மாதிரி சதை வளர்ந்து முகம் உப்பும். குட்டிக்கு இது நடந்தால் கேட்கவே வேண்டாம். கொழுக்கட்டைப் புல், கம்பு நேப்பியர் போன்ற புற்களில் இருக்கும் ஆக்சலேட்டும் சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாட்டின் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதைச் சமாளித்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. மாட்டுக்கு வெட்டுகிற பசும்புல்லை அப்படியே குதிரைக்குப் போடுகிற நண்பர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பாய் கொள்ளோடு தவிடும் கலந்துதான் போட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் தவிட்டை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

ஆறு மாசம் கட்டிக் கிடந்த குட்டியை எடுத்த எடுப்பில் ஓட விடவும் கூடாது. மூன்று வாரம் கையில் பிடித்து நடத்தினார் பாய். தினமும் கொஞ்சம் கூட்டிக் கூட்டி. கொணவட்டத்துப் பிள்ளைகள் பின்னாலேயே போயிருக்கிறார்கள், கல்யாண ஊர்வலம் என்று நினைத்து.

மாசியில் ஒரு ஞாயிறு விடியற்காலை பாலாற்றில் சந்தித்தோம். நான் சின்ன வயசில் ஓடிய மணல் இல்லை. அது எப்போதோ லாரி ஏறிப் போய்விட்டது. இருப்பது இறுகின தரையும் சீமைக்கருவேலமும்தான். குட்டிக்கு அதுவும் நல்லதுதான். ஆழ மணலில் ஓடினால் தசைநார் இழுபடும், எலும்புக்கு வேண்டிய அதிர்வும் கிடைக்காது. முள் இல்லாத ஒரு பட்டையாகப் பார்த்து, 71 மீட்டருக்கு என் நடையில் 95 தப்படி என்று எண்ணி, அந்த இடத்தில் தோளில் இருந்த துண்டைப் போட்டேன்.

பாய் கயிற்றை அவிழ்த்தார். குட்டி நகரவில்லை. கழுத்தில் ஒன்றும் இல்லை, ஆனால் மூன்று முழம் தள்ளி வந்ததும் நின்றுவிட்டது. பின்னால் போனது, மறுபடி மூன்று முழம் வந்தது, நின்றது. பாய் அதட்டினார், கை தட்டினார், உருதுவில் கெஞ்சினார். நான் 95 தப்படி நடந்தது வீண் என்று நினைத்த நேரத்தில், பாலத்து மேல் காட்பாடியிலிருந்து வேலூர் கன்டோன்மென்ட்டுக்குப் போகிற ரயில் ஊதிக்கொண்டு ஏறியது. குட்டி ஒருமுறை எகிறியது. வாலைத் தூக்கியது. அவ்வளவுதான்.

துண்டைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. “ஏய் வாடா, வாடா டேய்” என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய் பின்னாலேயே ஓடினார். அவர் ஓடி நான் அதுவரை பார்த்ததில்லை. கால் மணி நேரம் கழித்து இரண்டு பேரும் நடந்தே திரும்பி வந்தார்கள். யாருக்கு அதிகம் மூச்சு வாங்கியது என்று சொல்ல முடியாது. வருகிற வழியில் குட்டி என் துண்டருகே நின்றது, குனிந்து மோந்து பார்த்தது, காலை அகட்டி அதன் மேலேயே சாவகாசமாக மூத்திரம் பெய்தது.